பழைய ஜெர்மன் வேட்டை ரைஃபிளை அடியிலிருந்து படிப்பது எப்படி

பழைய ஐரோப்பிய வேட்டை ரைஃபிள் ஒன்று கையில் கிடைத்ததும் எவரும் முதலில் தேடுவது குழலின் மேல் பொறித்த பெயரைத்தான். அழகான சாய்வெழுத்தில், சில சமயம் தங்கக் கம்பி பதித்து, ஒரு பெயரும் ஓர் ஊரும் அங்கே இருக்கும். பார்த்தவர் அதுவே செய்தவர் பெயர் என்று முடிவுகட்டி, அதைத் துரத்திக்கொண்டு மாதக்கணக்கில் அலைவார். ஜெர்மன் துப்பாக்கிகளைப் பொறுத்தவரை அந்தத் தேடல் பெரும்பாலும் ஒரு கடைவாசலில்தான் போய் நிற்கும். மேலே உள்ள பெயர் விற்றவருடையது. செய்தவர்களின் தடயமோ மரக்கட்டைக்குள் மறைந்திருக்கும் குழலின் அடிப்பக்கத்தில், கடுகளவு முத்திரைகளாகக் கிடக்கிறது. ஆகவே இந்தத் துப்பாக்கிகளை அடியிலிருந்து மேலாகப் படிக்க வேண்டும்; மேல்பெயரைக் கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குக் காரணம் வேலை நடந்த விதம். துரிங்கியாவின் காட்டு மலைகளுக்கு நடுவே உள்ள ஸூல் நகரமும் (தமிழ் வழக்கப்படி 'சூல்' என்று எழுதினால் பொருளே மாறிவிடும் என்பதால் கிரந்த எழுத்தை விடாமல் வைத்திருக்கிறேன்), அதன் அருகே 1919-இல் இரண்டு ஊர்கள் இணைந்து உருவான ட்ஸெல்லா-மேலிஸ் நகரமும் ஜெர்மன் வேட்டைத் துப்பாக்கித் தொழிலின் மையங்களாக இருந்தன. 1751-இல் தொடங்கிய ஸாவர், 1840-இல் தொடங்கிய ஹேனல், 1856-இல் தொடங்கிய ஸிம்ஸன், 1898-இல் தொடங்கிய மெர்க்கல் போன்ற பெரிய நிறுவனங்கள் அங்கே இருந்தன. அவற்றைச் சுற்றி வீட்டுப் பட்டறைகளில் வேலை செய்த கைவினைஞர்கள் ஏராளமாக இருந்தார்கள். ஒருவர் குழல் துளைப்பார். ஒருவர் பொறியமைப்பைச் சீர்செய்வார். இன்னொருவர் வாதுமை மரத்தில் கட்டை செதுக்குவார். மற்றொருவர் மானும் கருவேலிலையும் பொறிப்பார். இப்படிப் பல கை மாறி முடிந்த துப்பாக்கியையோ, முடியும் தறுவாயில் உள்ள துப்பாக்கியையோ பெர்லின், மியூனிக், கோனிக்ஸ்பெர்க் போன்ற ஊர்களின் கடைக்காரர்கள் வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வாங்கியவருக்கும் அது தெரிந்தே இருந்தது; மறந்துபோனது நமக்குத்தான்.

தொடங்கும் முன்

நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த நாட்டு ஆயுதச் சட்டம் இந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. ஆகவே உரிமம் பெற்றவர் முன்னிலையில், அவர் பொறுப்பில் மட்டுமே வேலையைச் செய்ய வேண்டும். துப்பாக்கியைத் திறந்து தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணால் மட்டுமின்றி விரலாலும் உறுதிசெய்யுங்கள். மூன்று குழல் துப்பாக்கியானால் மூன்றையும் பாருங்கள். இரண்டைப் பார்த்துவிட்டு அடியில் உள்ள மூன்றாவதை மறப்பவர்கள் இருக்கிறார்கள். எக்காரணம் கொண்டும் அடையாளம் காணும் முன் சுட்டுப் பார்க்கக் கூடாது. அதற்கான காரணம் தோட்டாவைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

துரு நீக்கும் தாளையும் மெருகுப் பசையையும் எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். முத்திரைகளின் ஆழம் மிகக் குறைவு. நூறாண்டுகள் தாங்கிய எழுத்தை ஒரு மாலை நேரத்தின் சுறுசுறுப்பு அழித்துவிடும். மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியே போதும். திருகாணிகளைக் கழற்றும்போது அவற்றின் காடிக்குச் சரியாகப் பொருந்தும் முனையுள்ள திருப்புளி வேண்டும். ஜெர்மன் திருகாணிகளின் காடி மிகக் குறுகலானது. கடையில் கிடைக்கும் திருப்புளியை அப்படியே செருகித் திருகினால் தலை சிதைந்துபோகும். அது பின்னர் துப்பாக்கியின் மதிப்பையே குறைக்கும். உறுதியில்லை என்றால் துப்பாக்கிக் கொல்லர் ஒருவரிடம் கட்டையைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

பிரித்த பின், அறையை இருட்டாக்கி, ஒரு சிறிய விளக்கைக் குழலோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் கீறலாகத் தெரிவது சாய்ந்த வெளிச்சத்தில் கிரீடமாகவும் எழுத்தாகவும் எழுந்து நிற்கும். ஒரே முத்திரையை நான்கு திசையிலிருந்தும் எடுங்கள். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுக்கும் பழைய முறை, வளைந்த பரப்பில் புகைப்படத்தைவிட நன்றாகவே உதவும்.

கிரீடமும் எழுத்தும்

ஜெர்மனியில் துப்பாக்கிக் குழல்களை அதிக அழுத்தத்தில் சுட்டுச் சோதித்து முத்திரையிடும் சட்டம் 1891 மே மாதத்தில் இயற்றப்பட்டு 1893 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்த ஒரு தேதி மிகப் பெரிய உதவி. கிரீடம் தாங்கிய எழுத்துகள் குழலின் அடியில் இருந்தால் அந்தக் குழல் 1893-க்குப் பின் சோதிக்கப்பட்டது. அவற்றுள் 'வி' என்ற எழுத்து இருந்தால், சட்டம் வந்தபோதே கடையிலோ கிடங்கிலோ இருப்பில் இருந்த பழைய துப்பாக்கி என்று பொருள். அந்த எழுத்து இருப்பைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. 'வி' முத்திரை கண்ணில் பட்டால் மகிழுங்கள். துப்பாக்கியின் வயது பத்தாண்டுகளாவது பின்னோக்கிப் போக வாய்ப்பு உண்டு.

மற்ற எழுத்துகள் சோதனையின் வகையைச் சொல்கின்றன. 'பி' (B) என்பது சுட்டுச் சோதித்ததையும், 'யூ' என்பது சுட்ட பின் குழலில் பழுது இல்லை என்று பார்வையிட்டதையும் குறிக்கும். 'ஜி' என்பது உட்புறம் சுழல்வரி வெட்டப்பட்ட குழல், அதாவது ஒற்றைக் குண்டுக்கான ரைஃபிள் குழல். 'எஸ்' என்பது ரவைக் குழல், அதாவது ஒரே சூட்டில் பல சிறு குண்டுகளைத் தெளிக்கும் குழல். 'டபிள்யூ' என்பது வாய்ப்புறம் சற்றே ஒடுக்கப்பட்ட ரவைக் குழல். இரண்டு ரவைக் குழல்களும் அடியில் ஒரு ரைஃபிள் குழலும் கொண்ட ட்ரில்லிங் என்ற வகை ஜெர்மானியர்களுக்கே உரிய பைத்தியம் என்று சொல்லலாம். முயலும் மானும் ஒரே காட்டில் வரும் நாட்டில் அது நியாயமான பைத்தியமே. அத்தகைய துப்பாக்கியில் ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனி முத்திரைத் தொகுதி இருக்கும். அவற்றைக் கலந்துவிடாமல் குழல்வாரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

'என்' என்ற எழுத்து புகையில்லா வெடிமருந்துக்கான சோதனையைக் குறிக்கிறது. அது 1911-12 வாக்கில் வந்த விதித்திருத்தத்தோடு சேர்ந்தது. 1939-இல் இயற்றி 1940 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் கிரீடத்தை நீக்கிவிட்டு அதன் இடத்தில் கழுகை அமர்த்தியது. கிரீடமா, கழுகா என்று பார்த்த மாத்திரத்தில் துப்பாக்கி போருக்கு முந்தியதா, போர்க்காலத்தியதா என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். இரண்டும் சேர்ந்திருந்தால் பழுதுபார்த்து மறுசோதனை செய்திருக்கிறார்கள். போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் மறுசோதனை செய்த குழல்களில் இரண்டு எழுத்துகள் கொண்ட ஆண்டுக்குறி காணப்படும். அதில் 'ஏ' என்பது சுழியம், 'பி' என்பது 1 என்று வரிசையாகப் போய், 'ஜே'-யை விட்டுவிட்டு, 'கே' என்பது 9 ஆகும். 'ஜி சி' என்று இருந்தால் 1962. பக்கத்தில் மான்கொம்பு இருந்தால் சோதித்த இடம் உல்ம் நகரம். இந்த ஆண்டைத் துப்பாக்கி பிறந்த ஆண்டாக எழுதிவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது மருத்துவப் பரிசோதனைத் தேதியைப் பிறந்த தேதியாக எழுதுவது போன்றது.

1920-களின் நடுவிலிருந்து ஸூல், ட்ஸெல்லா-மேலிஸ் சோதனைச்சாலைகளில் மாதமும் ஆண்டும் சேர்த்துக் குத்தினார்கள். '3 28' என்றால் 1928 மார்ச். '11 27' என்றால் 1927 நவம்பர். இடைவெளி தேய்ந்துபோனால் '328', '1127' என்று ஒரே எண்ணாகத் தோன்றி, தொடரெண் என்று நம்மை நம்பவைக்கும். மெய்யான தொடரெண் வேறு இடங்களிலும் திரும்ப வரும் என்பதை வைத்து இரண்டையும் பிரித்தறியலாம். குழல், பொறியமைப்பு, போல்ட் (தோட்டா அறையைத் திறந்து மூடும் உருளைத் தண்டு) கைப்பிடியின் வேர், முன்கட்டையின் இரும்பு ஆகியவற்றில் ஒரே எண் இருந்தால் அது தொடரெண்; அத்துடன் இந்தப் பாகங்கள் ஒன்றாகவே பிறந்தவை என்பதும் உறுதியாகிறது. குழலில் மட்டும் எண் வேறாக இருந்தால் குழல் மாற்றப்பட்டிருக்கலாம். அப்போது முத்திரைகள் சொல்லும் தேதி குழலுக்கு மட்டுமே உரியது.

புள்ளி வைத்த புதிர் எண்

கிரீடங்களுக்கு அருகே 108.49 என்றோ 118.35 என்றோ ஓர் எண் இருக்கும். சில சமயம் புள்ளிக்குப் பதில் காற்புள்ளியோ சாய்கோடோ இருக்கும். இது வரிசை எண்ணோ விலையோ அன்று. குழலின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஓர் ஆங்கில ராத்தல் எடை வரும் என்ற பழைய கணக்கு இது. 'பன்னிரண்டு போர்' துப்பாக்கி என்று நாம் சொல்வதும் ('போர்' என்பது குழலின் துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்) இதே கணக்குத்தான். குழல் சிறுக்கச் சிறுக்கக் குண்டுகளின் எண்ணிக்கை பெருகும் என்பதால் ரைஃபிள்களில் எண் நூறைத் தாண்டுகிறது.

சோதனையாளரிடம் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் செய்த எஃகு உருளைகள் இருந்தன. குழலுக்குள் நுழையும் மிகப் பெரிய உருளை எதுவோ அதன் எண்ணைக் குத்தினார். 172.28 என்பது 0.30 அங்குலம்; 118.35 என்பது 0.34 அங்குலம், 108.49 என்பது 0.35 அங்குலம். இந்த அளவு குண்டின் விட்டத்தைவிடச் சிறியதாக இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். 9.3 மில்லிமீட்டர் ரைஃபிளின் சுழல்வரி மேடுகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர்தான். 0.35 அங்குல உருளை, அதாவது 8.89 மில்லிமீட்டர், உள்ளே நுழையும், 9.14 மில்லிமீட்டர் அளவுள்ள அடுத்த உருளை நுழையாது. ஆகவே 108.49 என்று கண்டால் 9.3 மில்லிமீட்டர் வகைத் தோட்டாவையும், 118.35 என்று கண்டால் 9 மில்லிமீட்டர் வகையையும் முதலில் நினையுங்கள். 1911-12 திருத்தத்துக்குப் பின் இந்தக் கணக்கு கைவிடப்பட்டு, உள்விட்டம் நேராக மில்லிமீட்டரிலும் பல சமயம் அதன் அருகே தோட்டாக் கூட்டின் நீளத்தோடும் குத்தப்பட்டது. எண் எந்த முறையில் இருக்கிறது என்பதே ஒரு தேதிக்குறிப்பு என்பதைக் கவனியுங்கள்.

திருத்தத்துக்கு முந்திய ரைஃபிள்களில் இன்னொரு நீண்ட வரியும் இருக்கலாம். '2.67' போன்ற ஒரு கிராம் அளவு, 'ஜி பி பி' (G.B.P.), 'எஸ்டி எம் ஜி' (St.m.G.) என்ற எழுத்துகள், '14.7' போன்ற இன்னொரு கிராம் அளவு என்று அது நீளும். முதலாவது மருந்தின் எடை. 'ஜி பி பி' என்பது செதில் வடிவ ரைஃபிள் மருந்து. அடுத்தது எஃகு உறையிட்ட குண்டு. கடைசி எண் குண்டின் எடை. குண்டின் எடையிலிருந்து தோட்டாவை ஊகிக்கலாம். 14.7 கிராம் என்பது 1888-ஆம் ஆண்டு ஜெர்மன் இராணுவத் தோட்டாவின் குண்டு எடையாதலால், அந்தக் குழல் பெரும்பாலும் 8×57 வகைக்கானது.

தோட்டா அறை

முத்திரை விட்டத்தைச் சொல்லும். நீளத்தை எப்போதும் சொல்லாது. ஐரோப்பியத் தோட்டாவின் பெயரில் முதல் எண் விட்டம், இரண்டாவது எண் கூட்டின் நீளம், கடைசியில் 'ஆர்' இருந்தால் கூட்டின் அடியில் விளிம்பு உண்டு என்று பொருள். 9.3×57, 9.3×62, 9.3×72ஆர் ஆகிய மூன்றும் வெவ்வேறு தோட்டாக்கள். எது என்று உறுதிசெய்யத் தோட்டா அறையின் வார்ப்பை எடுக்க வேண்டும். கொதிநீரின் வெப்பத்துக்கும் கீழே உருகும் ஒரு கலப்பு உலோகத்தை அறையில் ஊற்றி, ஆறியதும் தட்டி எடுத்து, அளவுகோலால் பல இடங்களில் அளப்பார்கள். துப்பாக்கிக் கொல்லருக்கு இது அரை மணி நேர வேலை. இதற்கு ஆகும் செலவைத் தயங்காமல் செய்யுங்கள். ஊகத்தை அறிவாக மாற்றுவது இந்த ஒரு வார்ப்புத்தான்.

8×57 ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். 1888-இல் வந்த தோட்டாவின் குண்டு 0.318 அங்குலம், 1905-இல் வந்த புதிய தோட்டாவின் குண்டு 0.323 அங்குலம். கூட்டின் அளவு ஒன்றே என்பதால் பெரிய குண்டுள்ள தோட்டா பழைய ரைஃபிளில் தடையின்றிப் போய் உட்காரும். சுட்டால் அழுத்தம் அபாயகரமாக உயரும். பெயரில் 'எஸ்' இருந்தால் புதிய அளவு. பழைய அளவைக் குறிக்கும் எழுத்து உண்மையில் காலாட்படையைக் குறிக்கும் 'ஐ'. பழைய ஜெர்மன் எழுத்து வடிவில் அது 'ஜே' போலத் தோன்றியதால் உலகம் முழுவதும் 'ஜே' என்றே படித்து, அந்தப் பிழையே பெயராகிவிட்டது. சுட்டுப் பார்க்காதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

பொறியமைப்பு

போல்ட் ரைஃபிளானால் பெரும்பாலும் அது மவுஸர் 98 வகையாக இருக்கும். இராணுவத்துக்காக 1898-இல் ஏற்கப்பட்ட இந்த அமைப்பைத்தான் ஐரோப்பாவின் பாதிக் கடைக்காரர்கள் வாங்கி வேட்டை ரைஃபிளாக்கினார்கள். நெக்கார் ஆற்றங்கரை ஓபர்ன்டார்ஃபில் இருந்த ஆலையின் பெயர் உலோகத்தில் இருந்தால் அந்தப் பெயரின் வடிவத்தைக் கவனியுங்கள். 'வாஃபென்ஃபாப்ரிக் மவுஸர்' என்றால் 1922-க்கு முந்தியது. 'மவுஸர்-வெர்க்கே' என்றால் அதற்குப் பிந்தியது. ஆனால் பொறியமைப்பில் மவுஸர் பெயர் இருப்பதாலேயே முழு ரைஃபிளும் ஓபர்ன்டார்ஃபில் பிறந்தது ஆகிவிடாது. உலோக அமைப்பை மட்டும் அங்கிருந்து வாங்கி, மற்றதெல்லாம் ஸூலில் செய்த ரைஃபிள்கள் நிறைய உண்டு.

முதல் உலகப் போருக்குப் பின் இராணுவ ரைஃபிள்களின் உபரி அமைப்புகளும் வேட்டைத் துப்பாக்கிகளாக மாறின. வலப்பக்கம் பழைய ஜெர்மன் எழுத்தில் சிறிய கிரீட முத்திரைகள் வரிசையாக இருந்தாலோ, மேல் வளையத்தில் ஏதோ அராவி அழித்த தடம் தெரிந்தாலோ, இடப்பக்கச் சுவரில் தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்தி இறக்குவதற்கான வளைந்த வெட்டு இருந்தாலோ, அது போர்க்களம் போய்வந்த உலோகமாக இருக்கக்கூடும். இந்தக் கிரீடங்களைச் சோதனைச்சாலையின் கிரீடங்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இவை இராணுவக் கண்காணிப்பாளர்களுடையவை.

இந்த அளவு படித்த பிறகு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். குழலின் மேல் பெர்லின் கடைக்காரர் ஒருவரின் பெயர், அடியில் கிரீடத்தோடு 'பி', 'ஜி', 'யூ', 108.49; கிரீட 'என்' இல்லை; மாதம் ஆண்டு இல்லை; பொறியமைப்பில் 'வாஃபென்ஃபாப்ரிக் மவுஸர்'; வார்ப்பு எடுத்ததில் 9.3×62. கிரீடங்கள் 1893-ஐக் கீழ் எல்லையாக வைக்கின்றன. 108.49 என்ற பழைய கணக்கும் 'என்' இல்லாமையும் 1912-ஐ ஒட்டி மேல் எல்லையை வைக்கின்றன. ஆனால் 9.3×62 தோட்டாவை பெர்லின் துப்பாக்கிக் கொல்லர் ஓட்டோ பாக் வடிவமைத்தது 1905-இல். அதற்கு முன் அந்த அறையை யாரும் துளைத்திருக்க முடியாது. ஆக 1905-க்கும் ஏறத்தாழ 1912-க்கும் இடைப்பட்ட ஏழாண்டுகளுக்குள் ரைஃபிள் வந்துவிட்டது. மேல்பெயரை நாம் இன்னும் தொடவே இல்லை.

இப்போது மேல்பெயர்

முதலில் பெயரல்லாதவற்றைக் கழித்துவிடுங்கள். 'க்ருப்', 'போலர்', 'பால்டி' என்ற சொற்கள் குழலில் பளிச்சென்று இருக்கும். க்ருப் துப்பாக்கி வைத்திருக்கிறேன் என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. அவை எஃகு ஆலைகளின் பெயர்கள், குழல் எந்த எஃகால் ஆனது என்பதற்கு மேல் அவற்றுக்குப் பொருள் இல்லை. 'டி ஆர் பி' (D.R.P.) என்பது 1877-இல் தொடங்கிய ஜெர்மன் காப்புரிமை. 'டி ஆர் ஜி எம்' என்பது 1891-இல் வந்த சிறு கண்டுபிடிப்புப் பதிவு. ஆங்கிலத்தில் 'ஜெர்மனி' என்று குத்தியிருந்தால் அது ஏற்றுமதிக்கானது. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டதிலிருந்து இது வழக்கமாயிற்று.

மீந்திருக்கும் பெயரோடு ஒட்டிய சொற்களைப் படியுங்கள். 'ப்யூக்ஸென்மாக்கர்' என்றால் துப்பாக்கிக் கொல்லர். முன்னால் 'ஹோஃப்' சேர்ந்தால் அரசவைக்குரியவர், பெரும்பாலும் முடியாட்சி முடிந்த 1918-க்கு முந்திய பெருமை. 'வாஃபென்ஃபாப்ரிக்' என்றால் ஆயுத ஆலை, ஆனால் வெறும் கடைக்காரர்களும் இந்தச் சொல்லைத் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். 'நாக்ஃப்' என்றால் வாரிசாக நடத்துபவர். அதாவது பெயருக்குரியவர் அப்போது தொழிலில் இல்லை. ஜெர்மன் நகரங்களின் பழைய முகவரிப் புத்தகங்கள் ஆண்டுதோறும் வெளிவந்தவை. அவற்றில் பல மின்வடிவில் கிடைக்கின்றன. கடைக்காரர் எந்த ஆண்டு முதல் எந்தத் தெருவில் இருந்தார், எந்த ஆண்டில் 'நாக்ஃப்' சேர்ந்தது என்று அவற்றில் பார்த்தால், ஏழாண்டு இடைவெளி இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சுருங்கக்கூடும்.

பெயரே தேதியாகிவிடும் சோகமான உதாரணம் ஸிம்ஸன். ஸூலின் மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்றான அது யூதக் குடும்பத்தின் உடைமை. நாட்சிகள் 1935-36-இல் அதைப் பறித்துக்கொண்டார்கள். குடும்பத்தினர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். அதன் பின் ஆலையிலிருந்து வந்த துப்பாக்கிகளில் 'பி எஸ் டபிள்யூ' (BSW) என்றும், பிறகு குஸ்ட்லாஃப் என்றும் பெயர் மாறிற்று. ஒரே கதவு வழியாக, ஒரே தொழிலாளர்களின் கையால் வந்த துப்பாக்கிகள்தாம் அவை. ஸாவரை அடையாளம் காட்டுவதோ கதாயுதம் ஏந்திய காட்டு மனிதன். அந்தச் சின்னம் பொறியமைப்பில் சிறிதாக இருந்தாலும், மேலே வேறு கடைக்காரர் பெயர் பெரிதாக இருந்தாலும், செய்தவர் ஸாவர் என்று கொள்ளலாம்.

தொடரெண்ணைக் கொடுத்து நிறுவனத்திடம் கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை ஆங்கிலத் துப்பாக்கிகளிலிருந்து வந்தது. லண்டனின் பெரிய பெயர்களான ரிக்பி, ஹாலண்டு, பர்டே போன்றோர் தொடரெண் பதிவேடுகளைக் காத்துவைத்திருக்கிறார்கள். கட்டணம் செலுத்தினால் முதலில் யாருக்காக எந்த ஆண்டில் செய்தது என்று கடிதமே தருவார்கள். ஸூலின் சிறு பட்டறைகளுக்கு அப்படிப்பட்ட பதிவேடு இல்லை; ஓபர்ன்டார்ஃபை 1945-இல் பிரெஞ்சுப் படை கைப்பற்றி ஆலையைப் பிரித்தெடுத்தது. ஸூலில் உள்ள ஆயுத அருங்காட்சியகத்துக்கு எழுதலாம். எழுதும்போது மேல்பெயரின் படத்தை மட்டும் அனுப்பாமல், அடிப்பக்க முத்திரைகள் அனைத்தின் படங்களையும் வார்ப்பின் அளவுகளையும் அனுப்புங்கள்.

கிரீடம் தாங்கிய அந்த ஜெர்மன் எழுத்துகளோ கழுகோ இல்லாவிட்டால் வேறு நாட்டைப் பார்க்க வேண்டும். முட்டை வடிவத்துக்குள் 'இ எல் ஜி' என்றால் பெல்ஜியத்தின் லியேஜ். அதன் மேல் கிரீடம் இருந்தால் 1893-க்குப் பின். கூடவே உள்ள ஆண்டெழுத்து 1922-இல் 'ஏ'-யிலிருந்து தொடங்குகிறது. 'என் பி எஃப்' (NPF) என்றால் ஆஸ்திரியாவின் ஃபெர்லாக், 'என் பி வி' (NPV) என்றால் வியன்னா. பிரிட்டனில் பர்மிங்ஹாம் 1904 வரை குறுக்கிட்ட செங்கோல்களைக் குத்தியது. அதன் பின் கிரீடத்தின் கீழ் 'பி பி' (BP), 'பி வி' (BV) என்ற எழுத்துகள்.

நம் நாட்டில் எஞ்சியிருக்கும் பழைய வேட்டை ரைஃபிள்களில் சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்டு சன்ஸ் பெயரோ, 1914-இல் மவுஸர் கைத்துப்பாக்கிகள் கொள்ளைபோனதால் வரலாற்றில் இடம்பெற்ற கல்கத்தா ராடா நிறுவனத்தின் பெயரோ இருந்தால், பெர்லின் கடைக்காரருக்குச் சொன்னதே அவர்களுக்கும் பொருந்தும்: விற்றவர்கள், செய்தவர்கள் அல்லர். தோட்டா அளவும் இங்கே ஒரு தேதியைச் சொல்லும். இராணுவ மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளுக்கான தோட்டாவோடு தொடர்புடையது என்பதால் 0.450 அளவை இந்தியாவுக்குள் கொண்டுவர 1907-இல் ஆங்கிலேய அரசு தடைவிதித்தது. 0.465, 0.470 போன்ற அளவுகள் அதற்கு மாற்றாகப் பிறந்தவை. ஆகவே இந்த மாற்று அளவுகளில் உள்ள இரட்டைக்குழல் ரைஃபிள் பெரும்பாலும் 1907-க்கு முந்தியதாக இருக்காது.

வைத்திருந்தவர்கள்

செய்தவரைக் கண்ட பிறகும் வரலாற்றில் பாதி மீதமிருக்கிறது. கட்டையின் அடியில் பதித்த சிறு வெள்ளித் தகட்டில் இரண்டு மூன்று எழுத்துகளும் மேலே ஒரு கிரீடமும் இருக்கலாம். அந்தக் கிரீடத்தின் முனைகளை எண்ணுங்கள். ஜெர்மன் மரபில் ஐந்து முனை என்றால் பட்டமில்லாத பிரபு குடும்பம், ஏழு என்றால் ஃப்ரைஹெர் என்ற பட்டம், ஒன்பது என்றால் அதற்கு மேலான க்ராஃப் என்ற பட்டம். எழுத்துகளும் கிரீட வகையும் கடையிருந்த ஊரும் சேர்ந்தால், குடும்பப் பட்டியல்களில் தேட வேண்டிய இடம் வெகுவாகக் குறையும். தொலைநோக்கி பொருத்தியிருந்தால் அதன் பெயரையும் எண்ணையும் தாங்கியின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். தாங்கியில் ரைஃபிளின் தொடரெண் இருந்தால் இரண்டும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து இருந்தவை.

1938 நவம்பர் 11 அன்று வந்த ஆணை யூதர்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. அவர்களின் துப்பாக்கிகள் பறிபோயின. 1945-இல் நேச நாட்டுப் படைகள் ஜெர்மன் ஊர்தோறும் குடிமக்களின் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னபோது, திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பலர் பெயரையும் ஊரையும் எழுதிய சீட்டைத் துப்பாக்கியில் கட்டிக் கொடுத்தார்கள். வெற்றிபெற்ற படைவீரர்கள் அவற்றுள் பலவற்றை நினைவுப் பொருளாகத் தங்கள் ஊருக்கு எடுத்துச்சென்றார்கள். அதற்காக அதிகாரி கையெழுத்திட்டுத் தந்த அனுமதிச் சான்று துப்பாக்கியோடு இருந்தால், படைப்பிரிவும் தேதியும் அதிலிருந்து கிடைக்கும். ஆகவே வேலையின் கடைசியாக, கட்டையின் பின்தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளையும் கழற்றி உள்ளே பாருங்கள். மரத்தில் பென்சிலால் எழுதிய எண்ணோ, மைக்கோட்டில் ஒரு பெயரோ, மடித்த காகிதமோ இருந்தால், தொடும் முன் படமெடுங்கள். காகிதத்தை இழுத்துப் பிரிக்காதீர்கள். எண்ணெய் ஊறிய பழைய தாள் மடிப்பில் உடையும். எழுத்து தெரியும் அளவுக்கு மட்டும் படமெடுத்து, அதை இருந்த இடத்திலேயே விட்டு, திருகாணிகளைக் கழற்றிய அதே துளைகளில் மாற்றாமல் திருப்பிப் பொருத்துங்கள்.